ஜீப்புக்கு ஊற்றிப் பார்த்த கூலன்ற் மருந்து

மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசுகிற போன கச்சான் காலத்தில், மட்டக்களப்பில் கிரானிலிருந்து மேற்கே குடும்பிமலைப் பக்கம் போய்வந்தபோது ஜீப் கொதித்துவிட்டது. போகும்போது ஒன்றுமில்லை, திரும்பி வரும்போதுதான். மணலில் போர் வீல் லோவில், நாலு சில்லும் இழுக்கிற மெது கியரில், உருட்டிக்கொண்டிருந்தேன், பொனற் இடுக்கால் ஆவி கிளம்பியது. முக்கால் மணித்தியாலம் பாலை மர நிழலில் குந்தியிருந்தேன். ரேடியேற்றர் மூடியைத் திறக்கக் கை துறுதுறுத்தாலும் திறக்கவில்லை. அழுத்தத்தில் நிற்கிற சுடுநீர் மூடி கழன்றதும் முகத்தில்தான் அடிக்கும்.

வண்டி மிட்சுபிசி ஜீப், 2.7 லீற்றர் 4டிஆர்5 டீசல் எஞ்சின். வில்லிஸ் ஜீப்பின் உரிமத்தை வாங்கி 1953 முதல் 1998 வரை யப்பானில் கட்டிய வரிசை. இந்த வயதில் ஒரு வண்டி கொதித்தால் அதைக் குற்றம் சொல்லவும் மனம் வராது.

மச்சான் ஒருத்தன் கொழும்பிலிருந்து வாட்டர் வெட்டர் என்கிற ரேடியேற்றர் மருந்து ஒரு போத்தல் கொண்டுவந்து தந்தான், 355 மில்லிலீற்றர். கார்ப் பந்தயக்காரர் பாவிக்கிற சாமான். கூலன்ற் என்பது எஞ்சினைக் குளிரவைக்க ஊற்றுகிற திரவம், தண்ணீர் உறையாமல் காக்கிற கிளைக்கோல் அதில் இருக்கும். அது ஓடுதளத்தில் சிந்தினால் வழுக்கும் என்பதால் பல பந்தயத் திடல்களில் அதை விடமாட்டார்கள். வெறும் தண்ணீரோடு இப்படி ஒரு மருந்தைக் கலந்து ஓடுவார்கள். அது செய்கிற வேலை, தண்ணீரின் மேற்பரப்பு இழுவிசையைக் குறைப்பது. சிலிண்டர் ஹெட்டில் மிகச் சூடான இடங்களில் சின்னச் சின்ன ஆவிக் குமிழிகள் ஒட்டிக்கொண்டு நிற்கும். குமிழி நிற்கிற இடத்தில் தண்ணீர் இரும்பைத் தொடாது, சூடும் கழியாது. மருந்து கலந்தால் குமிழி சீக்கிரம் கழன்றுவிடும்.

போத்தலோடு கராஜுக்குப் போனேன். கராஜ்காரர், நாங்கள் காக்கா என்று கூப்பிடுகிறவர், அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “மருந்து கிடக்கட்டும், முதல்ல மூடிய மாத்துங்க தம்பி” என்றார். மூடியில் அது தாங்குகிற அழுத்தம் 0.9 என்று அடித்திருந்தது, ஆனால் ஸ்பிரிங் பெருவிரலால் அமத்தினாலே உள்ளே போனது. அந்த 0.9 அழுத்தம் சரியாக நின்றால் தண்ணீர் கிட்டத்தட்ட 118 பாகையில்தான் கொதிக்கும். என்னுடைய மூடியோடு நூறைத் தாண்டினாலே ஆவிதான்.

அடுத்த நாள் வீட்டு முற்றத்தில் ரேடியேற்றரைத் திறந்து விட்டேன். முதலில் துருத் தண்ணீர், பிறகு மஞ்சள் சேறு. முந்தி வைத்திருந்த ஆரோ ஒழுக்கை அடைக்க மஞ்சள் தூள் போட்டிருக்கிறார்கள்! அந்த வைத்தியம் ஓட்டையை அடைக்கும், கூடவே ரேடியேற்றரின் மெல்லிய குழாய்களையும் அடைக்கும். எங்கள் கிணற்றுத் தண்ணீர் வேறு. கேத்தலுக்குள்ளேயே வெள்ளையாகப் படிகிற தண்ணீரை எஞ்சினுக்கு ஊற்றியிருக்கிறேன். தண்ணீர் தெளியும்வரை ஆறு தரம் கழுவினேன். இதற்குப் பிறகு பற்றரித் தண்ணீர், அதாவது உப்பு இல்லாத காய்ச்சி வடித்த தண்ணீர், மட்டும்தான்.

வடித்த கூலன்றைத் திறந்த பேசினில் வைக்க வேண்டாம். எத்திலீன் கிளைக்கோல் இனிப்பு, ஆனால் நஞ்சு. பிந்தி ஒரு நாள் வடித்தபோது பக்கத்து வீட்டு ஆட்டுக்குட்டி மோந்துகொண்டு வந்துவிட்டது. நல்ல காலம், நான் பக்கத்தில் நின்றேன்.

டாஷ்போர்ட் ஊசியை நம்பி எதையும் அளக்க முடியாது. மேல் ஹோஸில் ஒரு சென்சர் பூட்டி டிஜிற்றல் மீற்றர் வைத்தேன். லேசர்த் தேர்மோமீற்றரும் இருந்தது, ஆனால் பளபளப்பான அலுமினியத்தில் அது குறைத்துக் காட்டும். எஞ்சின் சூடானதும் தண்ணீரை ரேடியேற்றருக்குத் திறந்து விடுகிற தேர்மோஸ்டற்றின் மூடியில் கறுப்பு ரேப் ஒட்டிய பிறகுதான் இரண்டு மீற்றரும் ஒத்துப்போயின. எல்லா ஓட்டமும் அதே மணல் துண்டில், மத்தியானத்தில், வெளியே 35 பாகை அளவில். எழுதிக்கொண்டது திரும்பும்போது வந்த உச்ச அளவு.

பாதி கூலன்ற், பாதி தண்ணீர், புது மூடி: 106. அதே கலவையில் மருந்தை ஊற்றினேன்: 104. இரண்டு பாகைக்கா இவ்வளவு பாடு என்று வந்தது. லேபிளை வாசித்தேன், தண்ணீர் கூடினால்தான் மருந்து நன்றாக வேலை செய்யுமாம்.

சரி, முழுவதையும் வடித்துவிட்டு கால் பங்கு கூலன்ற், முக்கால் பங்கு தண்ணீர், மருந்து இல்லாமல் ஓடினேன்: 101. மருந்தோடு: 99. அதாவது கிளைக்கோலைக் குறைத்ததில் ஐந்து, போத்தலில் இரண்டு. சூட்டைச் சுமப்பதில் கிளைக்கோலைவிடத் தண்ணீர் கெட்டி. பனி உறையாத மட்டக்களப்பில் பாதிக்குப் பாதி கலந்து என்ன காண்கிறோம்? ஆனால் கிளைக்கோலைக் குறைத்தால் அதோடு வருகிற துருத் தடுப்பும் குறையும். மருந்தில் துருத் தடுப்பு இருக்கிறது. தண்ணீரைக் கூட்டி ஓட அது விடுகிறது, அதற்காகத்தான் நான் அதை வைத்திருக்கிறேன், அந்த இரண்டு பாகைக்காக இல்லை.

நல்ல றோட்டில் மருந்து போட்டாலும் போடாவிட்டாலும் 83, 84தான். என் தேர்மோஸ்டற் 82இல் திறப்பது. அதற்குக் கீழே எந்த மருந்தும் இறக்காது.

போகும்போது கொதிக்காமல் வரும்போது மட்டும் ஏன் என்பது கச்சான் முதுகில் அடித்தபோதுதான் விளங்கியது. போகும்போது காற்று எதிரே, ரேடியேற்றருக்குள் தானே புகும். கிழக்கே கிறுகி நடை வேகத்தில் வந்தால் காற்றும் வண்டியும் ஒரே பக்கம். பிறகு விசிறியை விட்டால் கதி இல்லை. என் விசிறியைச் சுற்றி, காற்றை ரேடியேற்றர் வழியாக மட்டும் இழுக்க வைக்கிற கூடு கிடையாது, ஆரோ கழற்றி எறிந்திருக்கிறார்கள். விசிறி ஓரத்தால் காற்றைச் சுழற்றிக்கொண்டு சும்மா நின்றது.

ரேடியேற்றரைக் கழற்றி வெயிலில் பிடித்துப் பார்த்தால் கீழ்ப் பாதியில் வெளிச்சமே வரவில்லை. பின்பக்கத்தால் மெதுவாகத் தண்ணீர் பீய்ச்சினேன். வைக்கோல் தூளும் புல் விதையும் ஒரு சிரட்டை நிறைய விழுந்தன. சிறுபோக அறுவடையில் வயல் வரம்பால் ஓடியதன் பலன். ஒரு நெல்மணி முளைத்தும் இருந்தது. பூட்டி ஓடினேன்: 92. பிறகு தகரத்தில் ஒரு கூடு வெட்டி விசிறியைச் சுற்றிப் பூட்டினேன்: 88. தகர விளிம்பு முதல் நாள் கிர்ரென்று சத்தம் போட்டது. பழைய ரியூப்பை நீளமாகக் கீறி விளிம்பில் மாட்டியதும் நின்றுவிட்டது.

போத்தலில் கால்வாசி மிச்சம் இருந்தது. போன கிழமை காக்கா, “என்ட வேனும் கொதிக்குது தம்பி, அதத் தாங்க பாப்பம்” என்றார். கொடுப்பதற்கு முன் வேனின் மூடியைக் கழற்றி ஸ்பிரிங்கை அமத்திப் பார்த்தேன். அவர் சிரித்துவிட்டார்.