வெள்ளைன்னு மட்டும்தான் சொன்னேன்

"அப்போ சாப்பிடலாம்னு சொல்றீங்க, அப்படித்தானே தம்பி?"

"நான் அப்படி சொல்லல சார். நீங்க குடுத்த அந்த ஒரு காளானோட ஸ்போர் பிரின்ட், அதாவது வித்து உதிர்ந்து பேப்பர்ல பதியிற தடம், வெள்ளையா வந்திருக்கு, அவ்வளவுதான்."

"அதான், வெள்ளைன்னா நல்லது, பழுப்புன்னா விஷம்னு நேத்து நீங்கதானே சொன்னீங்க?"

நான் சொன்னது அது இல்ல. மக்கின கட்டையில கொத்துக் கொத்தா, தண்டுல வளையத்தோட, தேன் கலர்ல வர்றதுல ரெண்டு வகை மாறிப்போக வாய்ப்பு அதிகம், சமைச்சு சாப்பிடுற ஹனி மஷ்ரூம்னா வித்து வெள்ளை, விஷக் காளான் கேலரினா மார்ஜினேட்டான்னா துருப்பிடிச்ச பழுப்புன்னுதான் சொன்னேன். கேலரினாவுல இருக்குற அமடாக்ஸின்ங்கிற விஷம் வேகவச்சாலும் போகாது, சாப்பிட்டு 6 மணி நேரத்துக்கு மேல ஒண்ணுமே தெரியாது, அப்புறம் வாந்தி பேதி, நடுவுல சரியாகிட்ட மாதிரி இருக்கும், அந்த நேரத்துலதான் உள்ள கல்லீரல் போயிட்டிருக்கும்னு இதெல்லாமும் சொன்னேன். அவர் காதுல நின்னது ரெண்டு கலர்தான். அவரையும் குறை சொல்ல முடியல, சமைக்கலாமா வேணாமான்னு கேட்டு வந்தவர்கிட்ட நான் பாடம் நடத்தினா அவர் என்ன செய்வார்?

தொப்பிய வெட்டி, பாதி வெள்ளை பேப்பர்ல பாதி கறுப்பு பேப்பர்ல படுற மாதிரி கவுத்து, மேல கிண்ணத்த மூடி ராத்திரி விட்டேன். காலையில கறுப்பு பக்கத்துல மட்டும் மாவு தூவின மாதிரி கோடு கோடா, அவ்வளவு தெளிவா வந்திருந்தது. ஆனா அது ஒரே ஒரு தொப்பி. அவர்கிட்ட ஒரு பை நிறைய இருந்தது, ஒரே கட்டையில ரெண்டு வகையும் கலந்து முளைக்கும். வெள்ளையே நல்லதுன்னும் கிடையாது, டெத் கேப்ங்கிற கொடிய விஷக் காளானுக்கும் வித்து வெள்ளைதான் (அது மண்ணுல வர்றது, இருந்தாலும்).

போன் பண்ணாமலே விட்டிருக்கலாமோன்னு அடிக்கடி தோணுது. கூட வேலை பாக்குறவங்க, "ரிசல்ட் அவரோடது, மறைக்க நீ யாரு"ன்னாங்க. அதுவும் நியாயம்தான். சொல்லலைன்னா மட்டும் தூக்கிப் போட்டிருப்பாரான்னும் தெரியாது.

"யோசிக்கிறேன் தம்பி"ன்னு வச்சுட்டார். அப்புறம் தகவல் இல்ல.

இப்போ யார் வந்தாலும், பறிச்சது மொத்தத்தையும் கொண்டு வாங்க, ஒவ்வொண்ணா பிரிச்சுப் பாக்கலாம்னு சொல்றேன். ஆனா மொத்தத்தையும் நான் பாத்துட்டேன்னா, என் வாயிலருந்து 'சாப்பிடுங்க'ன்னு வராமலே அவங்க அடுப்ப பத்த வச்சிடுவாங்க.