பிரார்த்தனை வறண்டிருந்த காலத்தில்

அப்பா காலமான பிறகு ஏறத்தாழ ஓராண்டு என்னால் மனமொன்றிப் பிரார்த்திக்க முடியவில்லை. இறைநம்பிக்கையை நான் துறந்துவிடவில்லை. அதிகாலையில் எழுந்து, வழக்கமான இடத்தில் அமர்ந்து, சிறு வயதிலிருந்து சொல்லிவரும் அதே சொற்களைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் அவை உதட்டோடு நின்றுவிட்டன. கண்களை மூடியவுடன் முன்பெல்லாம் நெஞ்சில் பரவிய அமைதி, எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் வரவில்லை. வழிபாட்டை முடித்து எழும்போது, ஒரு கடமையைக் கழித்துவிட்ட களைப்பு மட்டுமே மிஞ்சியது.

துக்கம் விசாரிக்க வந்தவர்களும், பின்னர் தொலைபேசியில் அழைத்தவர்களும், அன்பின் மிகுதியால் ஒரே அறிவுரையைத்தான் கூறினார்கள்: நல்லதையே நினையுங்கள், எல்லாம் சரியாகிவிடும். அது எனக்கு ஆறுதல் தராததற்குக் காரணம் இருந்தது. அப்பா படுக்கையில் இருந்த நான்கு மாதங்களும் நான் செய்தது அது ஒன்றைத்தான். மருத்துவர்கள் தயங்கித் தயங்கிச் சொன்னதைக் கேட்டுக்கொள்ளாமல், அவர் எழுந்து நடப்பார் என்றே நினைத்தேன், அவரிடமும் அதையே சொன்னேன். ஓர் இரவு, தலையணையைச் சரிசெய்ய நான் குனிந்தபோது, அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "நான் போனதுக்கு அப்புறம் அம்மாவை..." என்று தொடங்கினார். "அப்படியெல்லாம் பேசாதீங்கப்பா, உங்களுக்கு ஒண்ணும் ஆகாது" என்று உடனே மறித்துவிட்டேன். அவருடைய பிடி தளர்ந்தது. அந்த வாக்கியத்தின் மீதிப் பகுதி என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது.

நேர்மறைச் சிந்தனையை நான் குறை சொல்லவில்லை. அது இல்லாமல் எந்தக் காரியத்தையும் தொடங்கவே முடியாது. ஆனால் அந்த ஒரு பெயரில் இரு வேறு பழக்கங்கள் புழங்குகின்றன என்பதை, கேப்ரியேல் ஓட்டிங்கன் என்ற உளவியலாளரின் ஆய்வுகளைப் படித்தபோதுதான் தெளிவாக உணர்ந்தேன். அவர் தாமஸ் வாடன் என்பவருடன் இணைந்து 1991ஆம் ஆண்டில் வெளியிட்ட ஓர் ஆய்வு, எடைக்குறைப்புத் திட்டம் ஒன்றில் சேர்ந்திருந்த 25 பெண்களைப் பற்றியது. தம்மால் எடையைக் குறைக்க முடியும் என்று உறுதியாக எதிர்பார்த்தவர்கள் அதிகம் குறைத்தார்கள். மெலிந்துவிட்ட தம்மை இனிய கற்பனையில் கண்டு மகிழ்ந்தவர்களோ அதைவிடக் குறைவாகவே குறைத்தார்கள். கற்பனையிலேயே நிறைவு கிடைத்துவிடும்போது, கையையும் காலையும் அசைக்கத் தேவையான வேகம் தணிந்துவிடுகிறது என்பது அவருடைய விளக்கம். ஆகவேதான், விரும்பிய முடிவை மனத்தில் கண்ட கையோடு, அதற்குக் குறுக்கே நிற்கும் தடையையும் மனத்தில் நிறுத்திப் பார்க்க வேண்டும் என்று அவர் தொடர்ந்து வலியுறுத்தி வந்திருக்கிறார். அப்பாவின் கட்டிலருகே நான் வளர்த்தது அந்த இனிய கற்பனையைத்தான். அது என் அச்சத்துக்கு நான் போட்ட திரை. அந்தத் திரைக்குப் பின்னால் அவரைத் தனியே விட்டுவிட்டேன்.

அந்த ஆண்டின் இறுதியில், என்னுடன் பணிபுரிந்த ஓர் அம்மையார் தாம் வாரந்தோறும் செல்லும் முதியோர் இல்லத்துக்கு என்னையும் அழைத்துச் சென்றார். அங்குள்ளவர்களிடம் நம்பிக்கையூட்டும்படி நாலு வார்த்தை பேசிவிட்டு வருவதுதான் தொண்டு என்று எண்ணிக்கொண்டு போனேன். முதல் நாளே ஒரு பெரியவர், இளமையில் அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர், நான் பேசத் தொடங்கியதைச் சற்று நேரம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தம்பி, பேச்சை அப்புறம் வச்சுக்கலாம். இந்தக் கால் நகத்தைக் கொஞ்சம் வெட்டி விடுறீங்களா? குனிஞ்சா மூச்சு முட்டுது" என்றார்.

முதியவர்களின் கால் நகங்கள் தடித்து, மஞ்சள் பூத்து, சில விரல்களில் வளைந்து அடுத்த விரலை உறுத்திக்கொண்டிருக்கும். நாம் பயன்படுத்தும் நகவெட்டியின் வாய்க்குள் அவை நுழையவே நுழையா. இல்லத்துச் செவிலியர்தான் எனக்கு எல்லாவற்றையும் கற்றுக்கொடுத்தார். வெதுவெதுப்பான நீரில் கால் மணி நேரமாவது பாதங்களை ஊறவைக்க வேண்டும். நீரின் சூட்டை நம் முழங்கையை நனைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் வயதானவர்களின் பாதங்களுக்குச் சூடு சரியாகத் தெரியாமல் போயிருக்கலாம். ஓரங்களை வளைத்து வெட்டாமல் நேராக வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் நகம் சதைக்குள் வளரும். சர்க்கரை நோய் உள்ளவர்களின் பாதங்களைப் பயிற்சியில்லாதவர்கள் தொடவே கூடாது, அவர்களுக்கு ஒரு சிறு கீறலும் ஆறாத புண்ணாகிவிடக்கூடும். இந்தப் பெரியவருக்கு அந்த நோய் இல்லை என்று உறுதிசெய்த பின்னரே என் கையில் நகவெட்டியைக் கொடுத்தார்.

பத்து விரல்களுக்கும் நாற்பது நிமிடங்கள் ஆயின. கட்டை விரலின் நகத்தை ஒரே தடவையில் வெட்டாமல், அரிசி முனையளவு சிறு சிறு துண்டுகளாக எடுக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு தடவையும் வலிக்கிறதா என்று அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தேன். கடைசியில் பாதங்களைத் துணியால் ஒற்றியபோது, அவர் விரல்களை மெல்ல அகட்டிச் சேர்த்துப் பார்த்துக்கொண்டார். வீட்டுக்குத் திரும்பும் வழியில்தான் ஒன்று புலப்பட்டது: அந்த நாற்பது நிமிடங்களும் என் துக்கம் என் நினைவுக்கு வரவே இல்லை. அன்றிரவு பிரார்த்தனையில் அமர்ந்தபோது, வழக்கமான சொற்களுக்கு முன்பாக அவருடைய பெயர் தானாக வாயில் வந்தது. பல மாதங்களுக்குப் பிறகு, யாரோ கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்ற உணர்வோடு நான் சொன்ன முதல் சொல் அதுதான்.

இது எனக்கு மட்டும் நேர்ந்த விந்தை அன்று. எலிசபெத் டன் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 2008ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அதில் ஒரு சோதனையில், பங்கேற்றவர்களுக்குக் காலையில் 5 டாலரோ 20 டாலரோ கொடுத்து, மாலைக்குள் சிலர் அதைத் தமக்காகவும் சிலர் பிறருக்காகவும் செலவிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். மாலையில் விசாரித்தபோது பிறருக்குச் செலவிட்டவர்களே அதிக மகிழ்ச்சியோடு இருந்தார்கள். கையில் இருந்தது ஐந்தா இருபதா என்பது அதில் வேறுபாட்டை உண்டாக்கவில்லை. கொடுத்ததன் அளவைவிட, கொடுத்தபோது மனம் எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்பதே முக்கியம் என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

விக்டர் ஃபிராங்க்லின் வாழ்க்கை இதை இன்னும் ஆழமாகச் சொல்கிறது. வியன்னாவைச் சேர்ந்த அந்த மனநல மருத்துவர் 1942ஆம் ஆண்டில் குடும்பத்தோடு நாஜிகளால் முகாமுக்கு அனுப்பப்பட்டார். பின்னர் ஆஷ்விட்ஸ் உள்ளிட்ட முகாம்களைக் கடந்து 1945இல் விடுதலையானபோது, பெற்றோரும் சகோதரரும் மனைவியும் உயிரோடு இல்லை. வாழ்வின் பொருளை மூன்று வழிகளில் அடையலாம் என்பது அவருடைய கருத்து: ஒரு செயலைச் செய்வதால், ஒருவரை அல்லது ஒன்றை நேசிப்பதால், தவிர்க்க முடியாத துன்பத்தை நாம் எதிர்கொள்ளும் விதத்தால். மகிழ்ச்சியை நேரடியாகத் துரத்தக் கூடாது, அது வேறொன்றின் பின்னால் தானாக வர வேண்டும் என்றும் அவர் கூறிவந்தார். எல்லாவற்றையும் இழந்த ஒருவர் அதைச் சொல்லும்போது, நான் மறுபேச்சின்றிக் கேட்டுக்கொள்கிறேன்.

ஏழெட்டு மாதங்கள் கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. இடது காலை முடித்து வலது காலுக்கு வந்திருந்தேன். "அடுத்த தடவை நீங்க வரும்போது நான் இருப்பேனோ என்னமோ தம்பி" என்றார் பெரியவர். அப்படியெல்லாம் பேசாதீங்க என்ற பழைய வாக்கியம் தொண்டை வரை வந்துவிட்டது. அதை விழுங்கிக்கொண்டு, "சொல்லுங்கய்யா" என்றேன். அவர் சொன்னார். மூக்குக் கண்ணாடியை யாருக்குக் கொடுக்க வேண்டும், யாருக்குச் செய்தி சொல்ல வேண்டும், மனைவியின் புகைப்படத்தை என்ன செய்ய வேண்டும் என்று, எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கோப்பதைப் போல நிதானமாக அடுக்கினார். பயமாக இருக்கிறதா என்று கேட்டேன். "பகல்ல இல்ல. ராத்திரில மட்டும்" என்றார். பிறகு, "எனக்காகப் பெருசா ஒண்ணும் வேண்டிக்காதீங்க. ராத்திரில துணைக்கு ஒரு ஆள் இருக்கணும்னு மட்டும் வேண்டிக்கோங்க" என்றார்.

அவர் கேட்டபடியே அன்றிரவு வேண்டிக்கொண்டேன். வேண்டிக்கொண்ட பிறகு என்னால் படுத்துறங்க முடியவில்லை. மறுநாள் இல்லத்தாரிடம் அனுமதி கேட்டு, நாங்கள் நால்வர் முறை வைத்துக்கொண்டு இரவுகளில் அவர் கட்டிலருகே இருந்தோம். ஐந்து வாரங்கள் இருந்தார். அவர் போகும்போது என் முறை இல்லை. ஆனால் அருகில் ஆள் இருந்தது.

நம்பிக்கை என்றால் நெஞ்சு நெகிழ்வது, கண்ணீர் பெருகுவது, உள்ளே ஓர் ஒளி தோன்றுவது என்று நான் நெடுங்காலம் எண்ணியிருந்தேன். அந்த அனுபவம் இல்லாத ஆண்டில் நம்பிக்கையே போய்விட்டதாக அஞ்சினேன். அன்னை தெரேசா 1950ஆம் ஆண்டில் தம் சபையைத் தொடங்கி, 1952இல் சாகும் தறுவாயில் கைவிடப்பட்டவர்களுக்காக இல்லம் திறந்து, 1979இல் நோபல் பரிசு பெற்று, 1997இல் மறைந்தார். அவர் மறைந்து பத்தாண்டுகள் கழித்து 2007இல் வெளிவந்த அவருடைய கடிதங்கள், அந்தப் பணிக்காலத்தின் பெரும்பகுதியிலும் இறைவனின் அண்மையை அவரால் உணர முடியவில்லை என்பதையும், உள்ளே இருளையும் வெறுமையையும் மட்டுமே கண்டதையும் வெளிப்படுத்தின. அதைப் படித்துச் சிலர் அவருடைய நம்பிக்கையையே ஐயுற்றார்கள். எனக்கோ அது பெரும் துணையாயிற்று. உள்ளே எதுவும் கேட்காதபோதும் ஒருவர் காலையில் எழுந்து, தம் முன்னே கிடப்பவரின் புண்ணைத் துடைத்துக்கொண்டே ஐம்பதாண்டுகள் நடந்திருக்கிறார் என்றால், அதற்கு நம்பிக்கை என்பதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தெரியவில்லை. உணர்ச்சி வந்தும் போயும் கொண்டிருக்கும். வாக்குக் கொடுத்த இடத்துக்குப் போய்ச் சேர்வது நம் கையில் இருக்கிறது.

அன்றாடப் பழக்கம் ஒன்றையும் சொல்ல வேண்டும். ராபர்ட் எம்மன்ஸும் மைக்கேல் மெக்கல்லோவும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், வாரத்துக்கு ஒருமுறை நன்றிக்குரிய ஐந்து விஷயங்களைப் பத்து வாரங்கள் எழுதிவந்தவர்கள், தொல்லைகளை எழுதிவந்தவர்களைவிடத் தம் வாழ்வைப் பற்றி நிறைவாக உணர்ந்தார்கள். நானும் எழுதுகிறேன். ஆனால் பொதுவாக எழுதினால் பயனில்லை. "உடல்நலம்" என்று எழுதுவதைவிட, "இன்று முட்டி வலிக்காமல் படியேறினேன்" என்று எழுதும்போதுதான் மனம் அதை நம்புகிறது.

தொண்டிலும் வழி தவறுவது உண்டு. இடையில் சில வாரங்கள், நான் வராவிட்டால் இல்லமே நின்றுவிடும் என்பதுபோல ஓடினேன். சனிக்கிழமையும் போனேன், விழாநாட்களிலும் போனேன், வீட்டில் அம்மா தனியே இருந்ததைக் கவனிக்கவில்லை. என் முகத்தில் களைப்பைக் கண்ட செவிலியர், "நீங்க நல்லா இருந்தாத்தான் அவங்களுக்கு நல்லது" என்று சொல்லி, ஒரு மாதம் வர வேண்டாம் என்று அனுப்பிவிட்டார். அந்த மாதத்தின் மாலைகளில் அம்மாவோடு அமர்ந்திருந்தேன். அப்பா முடிக்காமல் விட்ட அந்த வாக்கியத்தைப் பற்றி ஒருநாள் அவரிடம் சொன்னேன். அம்மா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "என்கிட்ட சொல்லிட்டுத்தான் போனார். உன்னைப் பார்த்துக்கச் சொன்னார்" என்றார்.

இப்போது அந்தப் பெரியவரின் கட்டிலில் வேறொருவர் இருக்கிறார். வந்து மூன்று வாரங்களாகின்றன. யாரோடும் பேசுவதில்லை, பாதங்களைப் போர்வைக்கு வெளியே நீட்டுவதும் இல்லை. சென்ற ஞாயிறன்று அவருடைய கட்டிலருகே வெந்நீர்ப் பாத்திரத்தை வைத்துவிட்டு, பக்கத்தில் தரையில் அமர்ந்திருந்தேன். நீர் ஆறிப்போனது, கொட்டிவிட்டு வேறு நீர் கொண்டுவந்தேன். அதுவும் ஆறியது. மூன்றாவது முறை முழங்கையை நனைத்துச் சூடு பார்த்துக்கொண்டிருந்தபோது, போர்வை அசைந்து ஒரு கால் மட்டும் வெளியே வந்தது.