பேசாத மனிதர்களின் புத்தகங்கள்

ஈஸ்டர் வந்தால் நோர்வேயில் பால் பெட்டியிலும் கொலை நடக்கும். கடையில் வாங்கும் பால் பெட்டியின் பக்கவாட்டில் சின்னதாக ஒரு துப்பறியும் படக்கதை அச்சிட்டிருப்பார்கள். அந்த வாரம் நாட்டில் பலர் மலையிலுள்ள மரக்குடில்களுக்குப் போய்விடுவார்கள். பகலில் பனிச்சறுக்கல், தோடம்பழம், க்விக் லுன்ஷ் சொக்லேட். இருட்டினால் அடுப்புக்குப் பக்கத்தில் இருந்து துப்பறியும் நாவல். இதற்கு வித்திட்டது 1923 இல் வந்த ஒரு ரயில் கொள்ளை நாவல். நூர்டால் க்ரீகும் நில்ஸ் லீயும் சேர்ந்து எழுதியது. பேர்கன் ரயில் இரவில் கொள்ளை போனது என்று, செய்தித் தலைப்புப் போலவே அதற்கு ஆஃப்டன்போஸ்தன் நாளிதழின் முதற்பக்கத்தில் விளம்பரம் போட்டார்கள். உண்மைச் செய்தி என்று நம்பிப் பதறியவர்கள் பலர். நூறு வருடம் கடந்தும் அந்த ஈஸ்டர் வழக்கம் விட்டுப்போகவில்லை.

நோர்வேஜிய மொழியில் நான் முழுதாக வாசித்து முடித்த முதற்கதை ஒரு பால் பெட்டிக் கதைதான். மொழி வகுப்பில் எல்லாம் சொல்லித் தந்தார்கள்: வைத்தியரிடம் நேரம் எடுப்பது, வாடகை ஒப்பந்தம் வாசிப்பது, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பள்ளிக்கு அறிவிப்பது. எல்லாம் வேண்டியவைதான். ஆனால் அடுத்து என்ன நடந்தது என்று அறியும் ஆசையில் அகராதியைப் புரட்ட வைத்தது கதை. அன்றைக்குக் குசினி மேசையில் தொடங்கிய வாசிப்பு இன்றுவரை நிற்கவில்லை.

நாங்கள் இருப்பது மேற்குக் கரையில், ஓலசுண்ட் நகரத்துக்குக் கிட்ட ஒரு சிறிய ஊர். கடல், மலை, ஓயாத மழை. கொட் மீனை உப்பிட்டுக் காயவைத்துப் போர்த்துக்கலுக்கும் பிரேசிலுக்கும் அனுப்பும் தொழில் இங்கே பரம்பரைத் தொழில். கருவாடு தெரிந்தவர்களுக்கு அந்த மணம் அந்நியமில்லை. அந்நியமாக இருந்தது மனிதர்களின் அமைதி. பஸ்ஸில் பக்கத்து இருக்கை காலியாக இருந்தாலும் நின்றுகொண்டு வருவார்கள். பக்கத்து வீட்டுக்காரர் தலையை அசைத்துவிட்டுப் போவார், அவ்வளவுதான். படலையடியில் நின்று அரை மணித்தியாலம் கதைத்துப் பழகிய யாழ்ப்பாணத்துக்காரிக்கு அந்த மௌனம் பெரிய பாரம். நூலகம் இல்லாவிட்டால் நான் இந்த ஊரை விளங்கிக்கொண்டிருக்கவே மாட்டேன் என்று மனதார நம்புகிறேன்.

எங்கள் ஊர் நூலகத்துக்கு மாலையில் ஊழியர்கள் போன பிறகும் நூலக அட்டையைக் காட்டி உள்ளே போகலாம். எடுக்கிற புத்தகத்தை நாமே பதிந்துகொண்டு வரலாம். யாரும் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. தமிழ்ப் புத்தகம் கேட்டால், தேசிய நூலகத்தின் பன்மொழிப் பிரிவிலிருந்து தபாலில் வரவழைத்துத் தருவார்கள். இங்குள்ள எழுத்தாளர்களின் புதிய நூல்களில் தெரிவானவற்றை அரசே மொத்தமாக வாங்கி நூலகங்களுக்குக் கொடுக்கும் ஏற்பாடு 1965 முதல் இருக்கிறது. ஏறக்குறைய ஐம்பத்தைந்து இலட்சம் பேர் மட்டுமே பேசும் ஒரு மொழி இவ்வளவு இலக்கியத்தைத் தாங்கி நிற்பதற்கு அது ஒரு முக்கிய காரணம். தமிழுக்கு இப்படி ஒன்று ஒழுங்காக நடந்தால் எப்படி இருக்கும் என்று ஒவ்வொரு தடவையும் ஏங்குகிறேன்.

அண்மையில் வாசித்தவற்றில் என்னை உலுக்கிய நாவல் டார்யேய் வேசோஸ் எழுதிய 'பனிக்கட்டி மாளிகை'. 1963 இல் வந்தது, அடுத்த வருடம் நோர்டிக் கவுன்சிலின் இலக்கியப் பரிசு பெற்றது. சிஸ், உன் (Unn) என்று பதினொரு வயதுச் சிறுமிகள் இருவர். தாயை இழந்த உன், பெரியம்மா வீட்டுக்கு வந்து புதுப் பள்ளியில் சேர்கிறாள். இடைவேளையில் யாரோடும் சேராமல் தனியே நிற்கிறாள். ஒரு மாலை சிஸ் அவள் வீட்டுக்குப் போகிறாள். இரண்டு பேரும் ஒரே கண்ணாடியில் முகம் பார்க்கிறார்கள். அந்தப் புதுச் சிறுமியிடம் ஒரு இரகசியம் இருக்கிறது, சொல்லவில்லை. மறுநாள் சிஸ்ஸின் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டுப் பள்ளிக்குப் போகாமல், உறைந்துபோன நீர்வீழ்ச்சியைப் பார்க்கப் போகிறாள். பனிக்கட்டியில் அறை அறையாக உள்ளே போகிறாள். திரும்பி வரவில்லை.

ஊர் முழுவதும் விளக்கோடு தேடுகிறது. எங்கே போனாள் என்று வாசிக்கும் நமக்குத் தெரியும், கதையில் இருக்கும் ஒருவருக்கும் தெரியாது. அந்தத் தெரிதலைச் சுமந்துகொண்டு மிச்சப் பக்கங்களைக் கடப்பது லேசில்லை. பிறகு சிஸ், உன் நின்ற அதே இடத்தில், அதே மாதிரித் தனியே நிற்கத் தொடங்குகிறாள். கூப்பிட்டாலும் விளையாடப் போவதில்லை. வாசிக்கும்போது என் மகளுக்கும் பதினொரு வயது. புதுப் பள்ளியில் சேர்ந்து, மத்தியானச் சாப்பாட்டுப் பெட்டியோடு ஓரமாய் நின்ற காலம். பிள்ளைகள் அவளை ஒதுக்குகிறார்கள் என்று தவித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் ஒரு பெண் பிள்ளை வந்து, ஒன்றும் சொல்லாமல், அவளுக்குப் பக்கத்தில் நின்றாளாம். பிறகு தினமும் நின்றாளாம். வேசோஸை வாசித்திருந்ததால் அது எவ்வளவு பெரிய காரியம் என்று உடனே விளங்கியது. இந்த நாட்டில் நட்பு தொடங்கும் விதமே அதுதான்.

வேசோஸ் எழுதியது நீநோர்ஷ்க்கில். நோர்வேஜிய மொழிக்கு இரண்டு எழுத்து வடிவங்கள், அதில் ஒன்று இது. வகுப்பில் எங்களுக்குப் படிப்பித்தது பூக்மோல். எங்கள் பகுதிப் பள்ளிகள் பலவற்றில் நடப்பது மற்றது. பிள்ளைகளுக்காகத்தான் நீநோர்ஷ்க் வாசிக்கப் பழகினேன். யூன் ஃபொஸ்ஸெ எழுதுவதும் அதில்தான். 2023 இல் அவருக்கு நோபல் கிடைத்தபோது நூலகத்தில் அவர் புத்தகங்களுக்கு நீண்ட காத்திருப்பு வரிசை. எனக்குக் கிடைத்தது 2000 இல் வந்த 'காலையும் மாலையும்'. ஒரு மீனவர் பிறக்கும் பொழுது முதற் பகுதி, அவர் இறக்கும் நாள் இரண்டாம் பகுதி. நடுவில் உள்ள முழு வாழ்க்கையையும் விட்டுவிடுகிறார். கிழவர் யுஹானெஸ் ஒரு காலையில் எழும்புகிறார், உடம்பு நோகவில்லை, பாரமே இல்லை. செத்துப்போன சிநேகிதன் வந்து படகில் கூட்டிப் போகிறான். தூண்டில் ஈயத்தைக் கடலில் விடுகிறார். அது கொஞ்ச ஆழம் போய் நிற்கிறது, கீழே இறங்க மறுக்கிறது. கடலுக்கு இனி அவர் வேண்டாம். நான் அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அழுதேன். அப்பாவின் எட்டுச் செலவைத் தொலைபேசித் திரையில் பார்த்து முடித்து அதிக நாள் ஆகவில்லை. யாரும் சொல்லாத ஒரு ஆறுதலை, முற்றுப்புள்ளியைத் தேட வைக்கும் அந்த நடைக்குள் எனக்காக எடுத்துக்கொண்டேன்.

கட்டுரை நூல்களுக்கு வருகிறேன். லார்ஸ் மித்திங் 2011 இல் விறகைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். எந்த மரம் எப்படி எரியும், எப்போது தறிக்க வேண்டும், எப்படி அடுக்கிக் காயவைக்க வேண்டும் என்பதுதான் உள்ளடக்கம். பெரும் எண்ணிக்கையில் விற்றது. 2013 இல் தேசியத் தொலைக்காட்சி ஒரு வெள்ளிக்கிழமை இரவு பன்னிரண்டு மணித்தியாலம் விறகு நிகழ்ச்சி நடத்தியது. அதில் பெரும்பகுதி அடுப்பில் விறகு எரிவதை அப்படியே காட்டியது. மரப்பட்டை மேலே பார்த்து இருக்க வேண்டுமா, கீழே பார்த்து இருக்க வேண்டுமா என்று சனம் அதற்குள் சண்டை பிடித்ததாம்.

எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் தனியே இருக்கும் முதியவர் வசந்தத்தில் பேர்ச் விறகு இறக்குவார். பச்சை விறகு. ஒரு கொத்துக்கூடப் பிசகாமல், சுவர் எழுப்புவது போல் அடுக்குவார், இடையில் காற்றுப்போக வழி விட்டு. மித்திங்கை வாசித்த பிறகு வேலியடிக்குப் போய், "நீங்கள் ஏன் பட்டையை மேலே வைக்கிறீர்கள்?" என்று கேட்டேன். கையிலிருந்த கட்டையைக் கீழே வைத்தார். மழை அதிகமான இந்தக் கரையில் மேலடுக்குப் பட்டைதான் கூரை என்றார். பிறகு உள்நாட்டில் எப்படி, தன் தகப்பனார் எப்படி அடுக்கினார், எந்த வருடம் விறகு முழுதும் பூஞ்சணம் பிடித்தது, மனைவி இருந்தபோது அடுப்பை யார் மூட்டுவது என்றெல்லாம் சொல்லிக்கொண்டே போனார். இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டி, கணீரென்று சத்தம் வந்தால் காய்ந்துவிட்டது என்று என் கையில் தந்து தட்டிப் பார்க்கச் சொன்னார். இவர்களிடம் பேச்சு இல்லாமலில்லை. தாங்கள் செய்யும் வேலையைப் பற்றிக் கேட்டால் வரும். காலநிலையும் நலமும் விசாரித்தால் வராது. இதை எனக்கு எந்தக் குடியேற்ற வழிகாட்டியும் சொல்லவில்லை.

மோர்ட்டன் ஸ்த்ரொக்ஸ்னெஸ் எழுதிய கடல் புத்தகத்தையும் (2015) ரசித்தேன். வடக்கே லொஃபோத்தன் தீவுகள் பக்கம் ஸ்க்ரோவா தீவில் இரண்டு நண்பர்கள் ஒரு சிறிய றப்பர் படகில் கிறீன்லாந்துச் சுறா பிடிக்கப் போகிறார்கள். நூற்றாண்டுகள் வாழும் விலங்கு அது. சுறாவை விட, காத்திருக்கும் நேரத்தில் அவர் சொல்லும் கடற்கதைகள்தான் சுவை. கடலோரத்தில் வளர்ந்தவர்கள் கட்டாயம் வாசியுங்கள்.

ஓஸ்னெ சையெர்ஸ்தாத் 2013 இல் எழுதிய 'எங்களில் ஒருவன்' அப்படி ரசிக்கும் புத்தகமில்லை. 2011 ஜூலை 22 அன்று ஒஸ்லோவில் 8 பேரும் உத்தோயா தீவில் 69 பேரும் கொல்லப்பட்ட கதை. கொலைகாரனின் வாழ்க்கையோடு, ஈராக்கிலிருந்து வந்த ஒரு குர்து குடும்பத்தின் வாழ்க்கையையும் அவர் பொறுமையாகச் சொல்கிறார்: புறப்பாடு, காத்திருப்பு, வேலை தேடல், மகளுக்கு நோர்வேஜியத் தேசிய உடை மேல் வந்த ஆசை. அந்த மகள் பதினெட்டு வயதில் தீவில் இறந்தாள். அந்த உடைப் பேச்சு வரும் பக்கங்களில் என் மகள்தான் கண்முன் நின்றாள். அன்று அதே தீவிலிருந்து நீந்தித் தப்பியவர்களில் ஒருவர் யாழ்ப்பாணத்தில் பிறந்த கம்சாஜினி குணரத்தினம். பிறகு ஒஸ்லோவின் துணை மேயராகவும் நாடாளுமன்ற உறுப்பினராகவும் வந்தார். இந்த நாட்டில் பிள்ளை வளர்க்கும் நாங்கள் இந்தப் புத்தகத்தைத் தவிர்க்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். 'நாங்கள் வெளியாட்கள், இது அவர்களுடைய துயரம்' என்று ஒதுங்க எங்களுக்கு இடமே இல்லை.

கடைசியாக, எனக்கு மிகவும் பிடித்துப்போனது. ரொய் யாக்கப்சனின் 'கண்ணுக்குத் தெரியாதவர்கள்' (2013). 2017 இல் சர்வதேச புக்கர் இறுதிப் பட்டியல் வரை வந்த நாவல். வடக்கே ஹெல்கெலாண்ட் கரையில் பார்ரோய் என்றொரு கற்பனைத் தீவு. ஒரேயொரு குடும்பம் மட்டும் வாழும் தீவு. தொடக்கத்தில், குழந்தை இங்ரிட்டின் ஞானஸ்நானம் பற்றிப் பேசப் பாதிரியார் பெருநிலத்திலிருந்து படகில் வருகிறார். வாழ்நாளில் முதல் தடவையாகத் தன் ஊரைக் கடலுக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கிறார். தன் தேவாலயமும் வீடுகளும் இப்படித்தான் தெரியுமா என்று திகைத்துப்போகிறார். புலம்பெயர்ந்தவர்களுக்கு அந்த ஒரு பக்கம் போதும்.

குளிர் வந்தால் இங்ரிட்டின் தகப்பன் லொஃபோத்தனுக்கு மீன்பிடிக்கப் போய்விடுவார். காசு அங்கேதான் வரும். பெண்கள் தீவைக் காப்பார்கள். இதை வாசிக்கும்போது எனக்கு என் கணவரின் பெரியப்பா நினைவுதான். எண்பதுகளில் நாட்டுப்புற உயர்பள்ளி (பரீட்சை இல்லாத விடுதிப் பள்ளி) மாணவராக வந்து, பிறகு நாட்டின் வட கோடியிலுள்ள ஃபின்மார்க்கின் மீன் பக்டறிகளில் நின்றவர். கார்த்திகைக் கடைசியில் மறையும் சூரியன் தைப்பொங்கலுக்குப் பிறகுதான் எட்டிப்பார்க்கும் ஊர். ஞாயிறுகளில் தொலைபேசியில் அவருக்கு இந்த நாவலைத் தமிழில் சொல்லிக் காட்டுகிறேன்.

முதலில், "கதைப் புத்தகத்துக்கு என்ன தெரியும், பிள்ளை" என்றார். பிறகு இடைமறிக்கத் தொடங்கினார். வெளிச்ச மேசையில் மீன் துண்டை விரித்தால் உள்ளே இருக்கும் புழு நிழலாகத் தெரியும், கத்தி நுனியால் எடுக்க வேண்டும், முள் ஒன்று விட்டாலும் பெட்டி திரும்பி வரும். எத்தனை கிலோ முடித்தாய் என்பதில்தான் மேலதிகக் காசு. பக்கத்து மேசையில் நின்ற நோர்வேஜியக் கிழவி ஒருத்தி ஒரு சொல்லும் பேசாமல், தன் கத்தியை இவருக்குத் தீட்டிக் கொடுப்பாளாம். அந்தக் கரை மனிதர்களை யாக்கப்சன் எழுதியிருக்கிறார். அதே பக்டறிகளில் அவர்களோடு தோளுரசி நின்ற எங்கள் ஆட்களையும் எழுத வேண்டும். இப்போது பெரியப்பா பேசும்போது பதிவு செய்துகொள்கிறேன், அவருடைய அனுமதியோடு. பாட்ஸ்ஃபியோர்ட், வார்தோ, ஹொனிங்ஸ்வோக் பக்கம் வேலை செய்த மூத்தவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், இந்த நாவலின் முதல் அத்தியாயத்தைச் சொல்லிக் காட்டுங்கள். அவர்கள் இடைமறிக்கும்போது பக்கத்தில் ஒரு கொப்பியும் பேனாவும் இருக்கட்டும்.