வேலிக்கு அந்தப் பக்கம் சொந்தக்காரர்கள்

ஐரோப்பிய எல்லைகள் மாறிய கதையை வரைபடத்தில் பார்த்தால் வண்ணங்கள் மட்டும்தான் மாறும். செல்மென்ட்ஸ் கிராமத்தைப் பற்றிப் படித்ததிலிருந்து என்னால் அப்படிப் பார்க்க முடியவில்லை.

இன்றைய ஸ்லோவாக்கியா-உக்ரைன் எல்லையில், ஹங்கேரிய மொழி பேசும் சின்ன ஊர். முதல் உலகப் போர்வரை ஆஸ்திரியா-ஹங்கேரி, அப்புறம் செக்கோஸ்லோவாக்கியா, 1938இல் மறுபடி ஹங்கேரி. சரி, அதுவரை ஊராவது முழுசாக இருந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் சோவியத் எல்லை ஊரின் தெருவையே வெட்டிக்கொண்டு போனது. பெரிய செல்மென்ட்ஸ் செக்கோஸ்லோவாக்கியாவில், சின்ன செல்மென்ட்ஸ் சோவியத்தில்.

கூடப்பிறந்தவர்கள்கூட ஆளுக்கொரு நாட்டில். வேலியோரம் நின்று பேசத் தடை. அதனால் யார் இறந்தார்கள், யாருக்குக் கல்யாணம் என்பதையெல்லாம் வேலை செய்துகொண்டே பாட்டாகப் பாடி அந்தப் பக்கத்துக்குச் சொல்லியிருக்கிறார்கள். இதைப் படித்தபோது நெஞ்சை அடைத்தது. சாவுச் சேதியைப் பாட்டில் சொல்ல வேண்டிய கொடுமையை நினைத்துப் பாருங்கள்!

சோவியத் 1991இல் உடைந்தது, செக்கோஸ்லோவாக்கியா 1993இல் பிரிந்தது. எல்லை மட்டும் ஸ்லோவாக்கியா-உக்ரைன் எல்லையாக அங்கேயே நின்றது. நடந்தும் சைக்கிளிலும் கடக்க வழி திறந்தது 2005 டிசம்பரில்தான். அப்போதும் உக்ரைன் பக்கத்துக்காரர்களுக்கு எதிர்வீட்டுக்குப் போக விசா வேண்டியிருந்தது.