ஒன்பதாவது லூப்பில் ‘டிக்’ போய்விட்டது

மூன்று வாரமாக ஐந்து விநாடிக்கு ஒருமுறை என் கேசட் டேப் லூப்பில் மண்டையில் தட்டிக்கொண்டிருந்த அந்த ‘டிக்’ சத்தம் நேற்று ராத்திரி நின்றது. ஹெட்ஃபோனில் அரை மணி நேரம் ஓடவிட்டுக் கேட்டேன். சுத்தமாக இல்லை. பக்கத்து அறையில் தூங்கியவர்களை எழுப்பிச் சொல்லிவிடலாமா என்றிருந்தது.

செய்துகொண்டிருப்பது ஒரு மூன்று நிமிட பாப் பாட்டு. கால் தானாகத் தாளம் போடும் வேகம். ஆனால் முடியும்போது தொண்டையில் ஏதோ நிற்க வேண்டும். டிரம்ஸைத் தவிர, பின்னணிக்குக் கேசட் டேப் லூப் மட்டும்தான்: வெட்டிய டேப்பின் இரு முனையையும் ஒட்டி வட்டமாக்கினால், அதே இசை சுற்றிச் சுற்றி வரும். எட்டுத் தாள அடி, அதில் கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டுகள்): நான்கு சி மேஜர், இரண்டு எஃப் மேஜர், இரண்டு எஃப் மைனர், மறுபடி சி. சி-யை ஸட்ஜமாக வைத்துக்கொண்டால், எஃப் மேஜரில் இருக்கும் சதுச்ருதி தைவதம் (மேல் ‘த’) எஃப் மைனரில் சுத்த தைவதமாக (கீழ் ‘த’) சரிந்து, சி வந்ததும் பஞ்சமத்தில் உட்காரும். குதூகலமான பாட்டுக்குள் துக்கத்தை வைக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. வரிக்கு வரி அழுகிற பாட்டுகள் எனக்குச் சீக்கிரம் சலித்துவிடும். வார்த்தை சிரித்துக்கொண்டிருக்க, தைவதம் மட்டும் அரை ஸ்வரம் இறங்கும் பாட்டு பத்து வருஷம் கழித்தும் பிடித்து நிறுத்துகிறது.

பதிவு செய்த டேப்பை வெட்டி ஒட்டுவதால், லூப்பின் ஒட்டு விழுவது சரியாக அந்த இடத்தில். தைவதம் பஞ்சமத்தைத் தொடுகிற நொடியில் ‘டிக்’. வேறெங்கே விழுந்திருந்தாலும் பொறுத்துக்கொண்டிருப்பேன்.

நீளமும் படுத்தியது. கேசட் விநாடிக்கு 4.76 செ.மீ. ஓடும். 23.8 செ.மீ. வெட்டினால் ஐந்து விநாடி, நிமிடத்துக்கு 96 அடி. ஒரு மி.மீ. பிசகினால் 21 மில்லி விநாடி போச்சு. மின்னணு ஒலிகளுக்காக பிபிசி 1958-இல் தொடங்கிய ரேடியோஃபோனிக் ஒர்க்‌ஷாப்பில் டெலியா டெர்பிஷயர் போன்றவர்கள் ஸ்வரம் ஸ்வரமாக டேப்பை அளந்து வெட்டித்தான் இசை கட்டினார்கள். ஆனால் விநாடிக்கு 38 செ.மீ. ஓடும் ஸ்டூடியோ ரீலில் அதே ஒரு மி.மீ. மூன்று மில்லி விநாடிகூட ஆகாது. கேசட்டில் எட்டு மடங்கு கவனம் வேண்டும். ஆறாவது லூப்போடு ஸ்கேலை நம்புவதை விட்டேன். இப்போது லூப்பை ஓடவிட்டு, அதன் வேகத்துக்கு டிரம்ஸைப் பொருத்துகிறேன்.

‘டிக்’குக்கு நான் சந்தேகப்படாதது இல்லை. செலோ டேப்பின் பசை வெயிலில் கசிகிறது என்று ஒலிநாடா ஒட்டுவதற்கென்றே உள்ள ஸ்ப்ளைசிங் டேப்புக்கு மாறினேன். நேர்வெட்டை விட்டு 45 டிகிரி சாய்வெட்டு போட்டேன். ஒட்டை உட்பக்கத்தில் நகத்தால் நீவி நீவிப் பார்த்தேன். போகவே இல்லை. கடைசியில் மேஜையில் கிடந்த குண்டூசி பிளேடோடு சேர்ந்து எழுந்து வந்தது! காந்த முனை ஸ்க்ரூடிரைவரோடு ஒரே டப்பாவில் கிடந்து பிளேடு காந்தமேறியிருக்கிறது. வெட்டும்போதெல்லாம் டேப்பின் இரு முனையிலும் அதுவே ஒரு சத்தத்தைப் பதித்திருக்கிறது. புது பிளேடு எடுத்து, குண்டூசியை வைத்துச் சோதித்து, வெட்டினேன். முடிந்தது.

ஒட்டில் ஒலி இன்னும் லேசாகத் தணிகிறது. அதை விட்டுவைக்கப் போகிறேன். மூச்சு வாங்கிக்கொண்டு பஞ்சமத்துக்கு வருவதுபோல் இருக்கிறது.

டேப் வாங்குகிறவர்களுக்கு: சென்னை ரிச்சி தெருவில் தேடினால் பழைய கேசட் இன்னும் கிடைக்கிறது. சி-60 (அறுபது நிமிட கேசட்), ஸ்க்ரூ போட்டதாகப் பார்த்து எடுங்கள். சி-90 டேப் மெல்லியது, லூப்பில் மடிந்து சுருங்கிவிடும். ஒட்டி மூடிய கேசட்டைப் பிரிக்கப்போய் இரண்டை உடைத்தேன்.

இந்த வேலைக்கு நடுவில் அகமதாபாத் என்ஐடி (தேசிய வடிவமைப்பு நிறுவனம்) பதிவுகளைத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர் 1969-இல் அங்கே மூக் சின்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவியோடு ஸ்டூடியோ அமைக்க, கீதா சாராபாய் உள்ளிட்டவர்கள் அதில் பதிந்த டேப்புகள் 2023-இல்தான் ஆல்பமாக வந்தன. நம் ஊரில் இவ்வளவு முன்பே இது நடந்தது என்பதை நினைத்தாலே உடம்பு சிலிர்க்கிறது.

அடுத்து, டேப்பில் பழைய பதிவை அழிக்கும் ஹெட்டை மூடிவிட்டு, ஒரே லூப்பில் குரலை அடுக்கடுக்காகப் பதிய வேண்டும். மூடுவதற்கு அலுமினியத் தாளைக் கத்தரித்து வைத்தாயிற்று. அதற்குமுன் இந்தப் பாட்டின் இரண்டாம் சரணத்தில் இன்னும் இரண்டு வரி பாட வேண்டியிருக்கிறது. சளி விட்டதும், ஞாயிற்றுக்கிழமை.