சாயந்தரமானால் விழுந்துபோன இன்டர்நெட்

வைஃபை வேலை செய்யவில்லை என்று ஹொட்லைனுக்கு அழைப்பதற்கு முன்னால், லப்டொப்பை ஒரு லான் கேபிளால் நேரே ரவுட்டரில் செருகிப் பாருங்கள். அப்போதும் ஒன்றும் திறக்கவில்லை என்றால் கோளாறு வைஃபையில் இல்லை, லைனிலோ ரவுட்டரிலோதான். இதைக் கண்டுபிடிக்க எனக்கு அதிக நேரம் ஆகவில்லை. கம்பனிக்காரரை ஒப்புக்கொள்ள வைக்கத்தான் படாதபாடு பட்டேன்.

நாங்கள் இருப்பது கொழும்பு வெள்ளவத்தையில், தொடர்மாடி ஒன்றில். பைபர் இணைப்பு, அதாவது கண்ணாடி இழைக் கேபிளுக்குள்ளால் ஒளியாக இணையம் வருவது, எடுத்தது சுலபமாக முடிந்தது. கொஞ்ச நாளில் சாயந்தரம் ஆறரை தாண்டினால் இணைப்பு விழத் தொடங்கியது. போனில் வைஃபை குறி முழுதாக நிற்கும், ஒரு பக்கமும் திறக்காது. மகளுக்கு அந்த நேரத்தில்தான் ஏ.எல். பௌதிகவியல் ரியூசன், சூமில். கணக்கு பாதியில் இருக்கும்போது திரை அப்படியே நின்றுவிடும். பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியாது. மொபைல் டேட்டா போட்டே காசு கரைந்தது.

ஹொட்லைனில் யார் எடுத்தாலும் ஒரே பாட்டு: "ரவுட்டரை ஓஃப் பண்ணி ஓன் பண்ணுங்க மேடம்." அப்புறம் வைஃபையின் சனலை, அதாவது அலைவரிசையை, மாற்றச் சொன்னார்கள். அது பிழையான ஆலோசனை இல்லை. தொடர்மாடியில் அக்கம்பக்கத்து ரவுட்டர்கள் எல்லாம் 2.4 கிகாஹெர்ட்ஸில் முட்டிக்கொள்ளும். அதில் ஒன்றோடொன்று மோதாதவை 1, 6, 11 ஆகிய சனல்கள்தான். மாற்றினோம், 5 கிகாஹெர்ட்ஸிலும் பார்த்தோம். பலனில்லை. கேபிளில் செருகினாலும் வரவில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். "உங்கட சுவர் கொங்கிரீட்தானே, ரிப்பீட்டர் ஒன்று வாங்குங்க" என்றார் ஒருவர். தயவுசெய்து இதைக் கேட்டுக் கடைக்குப் போகாதீர்கள். ரவுட்டருக்கு வரும் இணையத்தைத்தான் ரிப்பீட்டர் அடுத்த அறைக்குக் கடத்தும். ரவுட்டருக்கே வராவிட்டால் அது என்ன செய்யும்?

ஒருவழியாக ஆள் வந்தார், காலை நேரத்தில். மீட்டரை வைத்துப் பார்த்து, லைன் நல்லாயிருக்கு என்று சொல்லிப் போய்விட்டார். முறைப்பாடு தீர்க்கப்பட்டது என்று எஸ்எம்எஸ்ஸும் வந்தது. அன்று சாயந்தரம் மறுபடியும் அதே கதை. எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது.

பைபர் வந்து சேரும் பெட்டியில் 'எல்ஓஎஸ்' என்று ஒரு விளக்கு இருக்கும். அது சிவப்பில் மினுங்கினால் பைபரில் ஒளி சரியாக வரவில்லை என்று அர்த்தம். மினுங்கும்போது நேரம் தெரிகிற மாதிரி வீடியோ எடுத்தேன். பழைய முறைப்பாட்டு இலக்கத்தையே சொல்லி, சாயந்தரம்தான் ஆள் வேண்டும் என்று விடாமல் நின்றேன்.

இந்த முறை வந்தது பொறுமையான ஒரு தம்பி. மீட்டரைச் செருகினார், மைனஸ் 20 டிபிஎம் காட்டியது, நல்ல அளவு. டிபிஎம் என்பது ஒளியின் பலத்தை அளக்கும் அலகு, மைனஸ் கூடக்கூட ஒளி குறைவு. அந்த நேரம் பார்த்து மகள் நுளம்புக்காக யன்னலை இழுத்துச் சாத்தினாள். மீட்டர் மைனஸ் 30ஐத் தாண்டியது. இந்தப் பெட்டிகள் பெரும்பாலும் மைனஸ் 27 வரைதான் பிடிக்கும். "அக்கா, யன்னலைத் திறங்க, பிறகு மூடுங்க" என்றார். திறந்தால் 20, மூடினால் 30. இணைப்புப் போட்டவர்கள் சுவரில் துளை போடாமல் அலுமினிய யன்னல் சட்டத்துக்குள்ளால் கேபிளைக் கொண்டுவந்திருக்கிறார்கள். சாத்தும்போதெல்லாம் கேபிள் நசுங்கி வளைய, வளைவில் ஒளி வெளியே கசிந்திருக்கிறது. காலையில் யன்னல் திறந்தே கிடக்கும், அதனால்தான் முதலில் வந்தவருக்கு ஒன்றும் தெரியவில்லை.

ஏசி குழாய் போகும் துளையால் புதுக் கேபிள் இழுத்தார், வேலை முடிந்தது. புதிதாக இணைப்பு எடுக்கிறவர்கள் கேபிள் எந்த வழியால் வருகிறது என்று பக்கத்தில் நின்று பாருங்கள். கழற்றிய பைபர் நுனியைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்கவே கூடாது. அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கும்.

இணைப்பு இல்லாத நாட்களுக்கான காசைப் பில்லில் கழிக்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன். இழுத்தடித்தால் அடுத்தது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் 1900 இலக்கத்துக்கு அழைப்பதுதான். வீடியோவும் முறைப்பாட்டு இலக்கங்களும் தயாராக இருக்கின்றன.