கம்யூனிகேஷன் சரியில்லையாம்

போன மாதம் டேட்டா அனலிஸ்ட் வேலைக்கு ஓஎம்ஆர் பக்கம் ஒரு கம்பெனிக்கு இன்டர்வியூ போனேன், பெயர் வேண்டாம். நாலு நாள் கழித்து, என்னை அங்கே அனுப்பிய வேலைவாய்ப்பு கன்சல்டன்சியிலிருந்து போன். "டெக்னிக்கல் ஓகே சார், கம்யூனிகேஷன் மட்டும் கொஞ்சம் இம்ப்ரூவ் பண்ணணும்னு சொல்றாங்க." அவ்வளவுதான்.

பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியத்தில் படித்தவனுக்கு அந்த வார்த்தை எங்கே போய்க் குத்தும்! அன்று ராத்திரியே ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ் தேட ஆரம்பித்துவிட்டேன். நல்லவேளை, பணம் கட்டுவதற்கு முன்னால், அன்றைக்குத் திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார்ந்து போனில் குறித்து வைத்த கேள்விகள் ஞாபகம் வந்தது.

எல்லோரும் கேட்கிற அதே எஸ்க்யூஎல் (டேட்டாபேஸிலிருந்து தகவல் எடுக்கும் மொழி) கேள்விதான்: இரண்டாவது அதிகச் சம்பளம் எவ்வளவு? இறங்கு வரிசையில் அடுக்கி இரண்டாவது வரியை எடுத்தேன். "டாப் சம்பளமே ரெண்டு பேருக்கு இருந்தா?" என்றார் இன்டர்வியூ எடுத்தவர். அப்படி இருந்தால் இரண்டாவது வரியிலும் அதே டாப் சம்பளம்தான் வரும், அதை ஒப்புக்கொண்டிருந்தாலே போதும், நானோ இன்டெக்ஸ், பர்ஃபாமன்ஸ் என்று தெரிந்ததையெல்லாம் கொட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு அதே கேள்வியை மறுபடி கேட்டார். ரேங்க் போடலாம், அதாவது சம்பள வரிசைப்படி ஒவ்வொருவருக்கும் எண் கொடுக்கலாம் என்றேன். ரேங்க் போட்டால் 1, 1, 3 என்று வரும், 2 என்ற எண்ணே இருக்காது. நடுவில் எண்ணை விடாத டென்ஸ் ரேங்க் போட்டால்தான் 1, 1, 2. அவர் எதிர்பார்த்தது அந்த இரண்டு வார்த்தை.

என் இங்கிலீஷ் அவருக்கு நன்றாகவே புரிந்திருக்கிறது. கேட்டதற்குப் பதில் வரவில்லை, அதுதான் விஷயம். அவர் என்ன எழுதினாரோ, அது ஹெச்ஆர் வழியாக கன்சல்டன்சிக்கு வந்து, அங்கிருந்து என் காதுக்கு வருவதற்குள் ஒற்றை வார்த்தையாகிவிட்டது. அதனால் இப்போதெல்லாம் அந்த வார்த்தையை விட, எந்தக் கேள்வியை இரண்டு தடவை கேட்டார்கள் என்பதைத்தான் முதலில் பார்க்கிறேன்.

இதேபோல் சொல்லப்படும் "பொசிஷன் ஹோல்டுல இருக்கு" (அந்த வேலைக்கு ஆள் எடுப்பதை நிறுத்தி வைத்திருக்கிறார்கள்) என்பதை நான் மண்டையில் ஏற்றிக்கொள்வதே இல்லை. நோட்டீஸ் பீரியட் (இப்போதைய வேலையை விட்டு வர ஆகும் நாள்) 90 நாளா என்று கேட்டுவிட்டு எதிர்முனை அமைதியானால் மட்டும், சரி, அது நிஜமான காரணம்தான்.

எதற்கும் கன்சல்டன்சி ஆளைக் கூப்பிட்டு, எந்தக் கேள்வியில் சறுக்கினேன் என்று கேட்டுச் சொல்ல முடியுமா என்றேன். "கேட்டுட்டு கூப்பிடுறேன் சார்" என்றார். பத்து நாளாகிறது.